கீறல் இல்லாத தட்டு

பழைய தட்டுக் கடை ஈரிதே அக்கா மேசைக்கடியிலிருந்து உருவி எடுத்த இசைத்தட்டைப் பார்த்ததும் லோரிஸ் ஓரடி பின்வாங்கினான்.

இத்தாலியில், பொலோன்யா நகரத்தின் சனிக்கிழமைச் சந்தையில் பழைய தட்டுகள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கும். அத்தனையிலும் இந்த ஒன்று மட்டும் எப்படி இவள் கைக்கு வந்தது?

"மார்ச் மாசத்திலேர்ந்து உனக்காகக் கெடக்குது. உன்னைத்தான் ஆளையே காணோம்," என்றாள் அக்கா.

அது ஏதோ ஓடாத போலீஸ் படத்துக்குப் போட்ட இசை. அதன் பெயரை லோரிஸ் பெற்ற தாய்க்குக்கூடச் சொன்னதில்லை. பக்கத்தில் நிற்கிறவன் எட்டிப் படித்துவிடக் கூடாதென்று, எல்லா டிஜேக்களையும் போல அவனும் தன் பிரதியின் லேபிள்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தான். அதிலிருந்து வெட்டி எடுத்த நாலு நொடி டிரம்ஸைத்தான் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, தன் முதல் ஹிப்-ஹாப் ஆல்பத்தையே கட்டியிருந்தான்.

அந்தப் பெயர் தெரிந்தவன் உலகத்தில் இன்னும் ஒரே ஒருவன், அவன் சிநேகிதன். எர்மெஸ்.

ஆக, இங்கேயும் வந்து உளறியிருக்கிறான். டூரின்காரனுக்குக் கொடுத்தது போதாதாக்கும்.

டூரின்காரன் விஷயம் பிப்ரவரியில் நடந்தது. டூரின் நகரத்து ஹிப்-ஹாப்காரன் ஒருவனின் புதுப் பாட்டு ரேடியோவில் ஓடியது. அதே டிரம்ஸ். அதைக்கூட, அவன் கண்ணிலும் இந்தத் தட்டு பட்டிருக்கும் என்று விட்டுவிடலாம். ஆனால் இரண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் நடுவே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டதே, அதற்கு என்ன சொல்வது? அது லோரிஸின் தட்டில் விழுந்த கீறல். உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும்தான் தெரியும். தன் வீட்டுக் கதவு கிறீச்சிடுவதைப் போல அந்தச் சத்தம் அவனுக்குப் பழக்கம்.

அப்படியானால் என் தட்டிலிருந்தே எவனோ பதிவு செய்து கொடுத்திருக்கிறான் என்று முடிவுகட்டினான். அவன் வீட்டுச் சாவி ஒன்று எர்மெஸிடம் இருந்தது.

ஸ்டுடியோவில் நாலு பேர் முன்னால் வைத்தே எர்மெஸைக் கேட்டான். ரயில் நிலைய மண்டபத்தில் அட்டைப்பெட்டியை விரித்துப்போட்டு இரண்டு பேரும் சுழன்று பிரேக் டான்ஸ் ஆடிய நாளிலிருந்து பதினோரு வருஷச் சிநேகிதம். எர்மெஸ் கோபப்படவில்லை.

"ஒரு தட்டு மேல இருக்கற நம்பிக்கை என் மேல இல்லியாடா?" என்றான். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

கையும் களவுமாக மாட்டியவன் வேறு என்ன பேசுவான் என்றுதான் லோரிஸ் நினைத்தான். அன்று சாயங்காலமே ஆல்பத்துக்காக எர்மெஸ் டேப்பில் பாடியிருந்த ராப்பை அழித்து, அதே இடத்தில் வேறொருவன் குரலைப் பதிந்தான். அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. ஹிப்-ஹாப்காரர்களுக்கு ஆல்பம் அட்டையின் உள்பக்கத்து நன்றிப் பட்டியல் கல்யாணப் பத்திரிகை மாதிரி. காபி போட்டுக் கொடுக்கிறவன் பெயரைக்கூட விடக் கூடாது. அந்தப் பட்டியலின் கடைசி வரியாக, 'எர்மெஸ் என்கிற திருடனுக்கு நன்றி கிடையாது' என்று அச்சடித்தான். இரண்டாயிரம் பிரதிகள். வியாழக்கிழமையே கடைகளுக்குப் போய்விட்டன.

அதில் ஒன்றை அக்காவுக்குக் கொடுக்கத்தான் இன்று வந்திருந்தான். கொடுத்தும்விட்டான். அது மேசைமேல் கிடந்தது.

இதை யார் எடுத்து வைக்கச் சொன்னது என்று அதட்டலாகவே கேட்டான். முதலில் கேட்டுப் பார் என்று சொல்லி, அக்கா கடையின் பேட்டரி பிளேயரில் தட்டைப் போட்டு ஊசியை இறக்கினாள்.

லோரிஸ் காதைத் தீட்டிக்கொண்டான். இது வேறு பிரதி, இதில் டிக் இருக்காது. மனதில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்ச நஞ்ச உறுத்தலும் இன்றோடு ஒழிந்துவிடும்.

டிரம்ஸ் வந்தது. ஒன்று. இரண்டு.

டிக்.

குனிந்து பார்த்தான். தட்டு வழவழவென்று இருந்தது. ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தான். அதே இடத்தில், டிக்.

அது போகாதப்பா என்றாள் அக்கா. இது அவள் தேடிப்பிடித்த மூன்றாவது பிரதியாம். ஒன்று ஃபெராராவில் கிடைத்தது, ஒன்று ரிமினியில். மூன்றிலும் அதே இடத்தில் அதே சத்தம். தட்டு அடித்த இடத்திலேயே அச்சில் கோளாறு, எத்தனை பிரதி வாங்கினாலும் இப்படித்தான் இருக்கும் என்றாள்.

"பாவம், உன் சிநேகிதன், அந்த நெட்டப் பய, ஜனவரில வந்து சொல்லிட்டுப் போனான். உன் தட்டுல கீறலாம், அதைக் கேட்டுக் கேட்டு நீ பல்லைக் கடிக்கறியாம். கீறல் இல்லாம ஒண்ணு வேணும், ஆல்பம் வர்ற அன்னைக்கு உன் கையில குடுக்கணும், அதுவரைக்கும் உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னான். அப்புறம் அவனையும் காணோம்."

லோரிஸ் பிளேயரை நிறுத்தினான்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆல்பத்தின் அட்டையைப் பிரித்தாள். தன் பெயரைப் போட்டிருக்கிறானா என்று பட்டியலில் விரல் வைத்துத் தேடினாள். நடுவில் எங்கேயோ அது இருந்தது. சந்தோஷமாக இரண்டு தடவை படித்துக்கொண்டாள்.

"ஆமா, அவன் பேரு எங்க?" என்றாள்.

லோரிஸ் அட்டையைப் பிடுங்கக் கையை நீட்டினான். ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்ட இரண்டாயிரத்தில் இது ஒன்று. நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

அக்காவின் விரல் வரி வரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.