டேப் பிடிக்கிற ஆள்

"நாளையிலிருந்து வேலைக்குப் போகலை" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த கணவன், மறுநாள் காலை சொன்னபடியே எழுந்திருக்கவில்லை.

அடுப்படியிலிருந்து அவள் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

சிகிச்சை முடிந்து, குடியை விட்டு வீடு திரும்பியதிலிருந்து அவன் வேலைக்கு மட்டம் போட்டதே இல்லை. "வேலையை மட்டும் விட விடாதீங்க. சும்மா உட்கார்ந்தா ஆபத்து. அவமானப்பட்டு உட்கார்ந்தா அதைவிட ஆபத்து" என்று மறுவாழ்வு மையத்து ஆலோசகர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார். இப்போது இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்து நிற்கின்றன.

தச்சுப் பட்டறையில் அவன் பாலிஷ்காரன். அவன் தேய்த்துக் கொடுத்த மேஜையில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று அவனுக்குக் 'கண்ணாடி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் திரும்பி வந்த பிறகு முதலாளி அவனைப் பாலிஷ் பக்கமே விடவில்லை. பாலிஷில் கலக்கிற ஸ்பிரிட்டும் சாராயமும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி ஆயிற்றே என்று பட்டறையில் யாரோ சிரித்தார்களாம்.

பாலிஷ் போடுகிற நாளெல்லாம் முதலாளி, "கண்ணாடி, டேப்பை எடு. அளவெடுக்கப் போகலாம்" என்று அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவனுடைய வேலையை முதலாளியம்மா பார்த்தாள்.

"டேப்போட ஒரு முனையைப் பிடிக்கவா இவ்வளவு காலம் தொழில் கத்துக்கிட்டேன்?" என்று நேற்று பொருமினான். "அதுவும் போற வீடெல்லாம் பூட்டிக் கிடக்கு. வெயில்ல என்னை நடக்க வச்சு வேடிக்கை பார்க்கறார் மனுஷன்."

கேட்க அவளுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. விழுந்தவன் எழுந்து நிற்கிறான். அவன் முழங்காலில் தட்டுகிறாரே, இவரும் ஒரு மனிதரா?

தலைமாட்டில் அவனுடைய போன் அடித்தது. லாரிக்காரன், பழைய குடிக் கூட்டாளி. அவன் எடுக்கவில்லை. ஆனால் அதை அணைத்தும் போடவில்லை. அடித்து அடித்து அதுவாக ஓய்ந்தது. அவளுக்குத்தான் ஓயவில்லை.

பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். வெளியே பூட்டு போட்டுவிட்டுப் போகலாமா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தன் புத்தியை நினைத்துத் தானே கூசிப்போய், கதவைச் சும்மா சாத்திவிட்டுப் பட்டறைக்கு நடந்தாள்.

பாலிஷ் வேலையை அவர் கையில் கொடுங்கள் என்று கேட்கவும் பயம். கேட்காமல் திரும்பவும் பயம்.

முதலாளி ஒரு பலகையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவன் எழுந்திருக்காமல் கிடப்பதை அவள் சொன்னாள். லாரிக்காரன் கூப்பிடுவதையும் சொன்னாள்.

"அவருக்கு அந்த வேலைதான் உயிர். ஒரு தடவை நம்பிக் குடுத்துப் பாருங்க."

முதலாளி நிமிரவில்லை. "பாலிஷ் டப்பாவை அவன் தொடக்கூடாது."

"இப்பல்லாம் அவர் குடிக்கிறதில்லைங்க. நான் சத்தியம் பண்றேன்."

"சத்தியம் பண்ணவங்களை நிறையப் பார்த்தாச்சும்மா. எழுந்து வரச் சொல்லு, மத்தியானம் அளவெடுக்கப் போகணும். இஷ்டமில்லேன்னா வேற பட்டறை பார்த்துக்கச் சொல்லு."

மரம் அறுத்துக்கொண்டிருந்தவன் குனிந்துகொண்டு சிரித்தான். நல்லா இருங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கண்ணீர் கண்ணை மறைத்தது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாவது சோறு போடுவேன், இந்தக் கல்நெஞ்சக்காரரிடம் இனி அனுப்பமாட்டேன் என்று நடந்துகொண்டே முடிவு கட்டினாள்.

தெருமுனை திரும்புவதற்குள் பின்னாலிருந்து "நில்லும்மா" என்று குரல் கேட்டது. முதலாளியம்மா. விரலெல்லாம் பாலிஷ் கறை. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"அவரை வேலையை மட்டும் விட வச்சிடாதே."

"மதிப்பில்லாத இடத்துல எப்படிக்கா இருக்கச் சொல்றது?"

முதலாளியம்மா ஒரு தடவை பட்டறையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"நான் கல்யாணமாகி வந்தப்ப உளி எது, ரம்பம் எதுன்னு எனக்குத் தெரியாது. பாலிஷ் வேலையெல்லாம் எங்க வீட்டுக்காரர்தான். அந்தக் கைக்கு உன் வீட்டுக்காரர் கை பக்கத்துல நிக்காது."

"அப்புறம் ஏன்க்கா நீங்க போடறீங்க?"

"குடியை விட்டு எவ்வளவோ காலமாச்சு, அந்த வாசனை வந்தா இன்னிக்கும் எங்க வீட்டுக்காரருக்குக் கை நடுங்கும்மா. 'நான் அழுது கேட்டாலும் தராதே'ன்னு ஸ்பிரிட் அலமாரிச் சாவியை அவரே என்கிட்ட குடுத்துட்டார். இதைத் தன் வாயால யார்கிட்டயும் சொல்ல மாட்டார். கேட்டா வள்ளுனுதான் விழுவார்."

"அப்ப... அளவெடுக்கப் போறது?"

"அளவெடுக்க வீடு எங்கம்மா இருக்கு? நான் டப்பாவைத் திறந்தா அவர் இறங்கி நடந்திடுவார். வாசனை அடங்கினதும் போன் பண்ணுவேன், அப்புறம்தான் உள்ளே வருவார். இத்தனை வருஷமாத் தனியாத்தான் நடந்தார். இப்பத்தான் துணைக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்கு."