ஏழு தண்ணீர் அலசிய நார்

ஈரச் சாக்குத் திரையின் ஓட்டைகள் வழியே வெயில் புள்ளி புள்ளியாக விழுகிறது. போன தடவை உப்புப் போக அலசாத தேங்காய் நாரில் காளான் விதைத்ததில் பத்துப் பைகளும் அழுகிப் போயின. இன்று அவள் ஊறிய நாரைப் பிழிந்து, சொட்டும் நீரை நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். இன்னும் கரிக்கிறது. வாளியைக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் குழாயைத் திறக்கிறாள். இந்தக் காளான் அறையைக் காலி செய்தே ஆக வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நிற்கிறான். "வைக்கோல்லதான் காளான் வரும். நாரை வச்சுக் கயிறு திரிக்கலாம், அவ்வளவுதான்." அவள் நிமிரவேயில்லை. "ஏழு தண்ணி அலசிக் கட்டின பை அந்த மூலையில தொங்குது. பாத்துட்டுப் பேசு." பையின் துளையில் வெள்ளை மொட்டுகள் கொத்தாக முட்டிக்கொண்டு நிற்கின்றன. அண்ணன் கிட்டே போய் விரலை நீட்டுகிறான்.

"தொடாதே. கையைக் கழுவிட்டு வா."