வழுக்காத கிளாம்ப்

நகை வாங்க வந்தவர்போல கார் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் நாலாவது கிளாம்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார் பெரியவர். உதிரிபாகக் கடைக்காரிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"இது வழுக்காதேம்மா?"

"வழுக்காது சார். முழுக்க ஸ்டெயின்லெஸ். உள்பக்கம் வழவழன்னு இருக்கும், ஹோஸை அறுக்காது. உங்க பழைய காருக்கு இதைவிட நல்லது கிடைக்காது."

"இன்ஜின் சூடேறினா?"

"அப்பவும் விடாது. ரேடியேட்டர் தண்ணி ஒரு சொட்டு ஒழுகாது. தூரமா எங்கயாவது போறீங்களா?"

"இல்லம்மா. காரை வித்துட்டேன். சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வித்த வண்டிக்கா சார் இவ்வளவு ஆராய்ச்சி? வாங்கினவங்க பாத்துக்கட்டும், விடுங்க."

பெரியவர் சட்டைப்பையிலிருந்து துருப்பிடித்த கிளாம்ப் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது நானே மாட்டினது. இன்னும் ஒரு சுத்து, இன்னும் ஒரு சுத்துன்னு இறுக்கினதுல மரை தேஞ்சது தெரியல. போன மாசம் ஆஸ்பத்திரி போற வழியில ஹோஸ் கழண்டு வண்டி நின்னுபோச்சு. பின்சீட்டுல என் வீட்டுக்காரி. மூச்சுவிட முடியாதப்பவும், 'பதறாம பாருங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் மாட்டிட்டு நிமிர்ந்தப்ப பேச்சு இல்ல."

கடைக்காரியின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"காரை வாங்கினவர் வீட்டுல நிறைமாசம்மா" என்றார் பெரியவர்.

அவள் அந்தப் புதுக் கிளாம்பையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க இறுக்க வேணாம் சார். நான் வந்து மாட்டித் தர்றேன்."