வராந்தா நாற்காலி

"போர்டைப் பார்க்கலையா? அனுமதி இல்லாம கிட்ட வராதய்யா!"

சாத்திய கதவுக்கு வெளியே, வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் பெரியவர். கையில் கைத்தடி. தலைக்கு மேலே பித்தளை போர்டு. அதில் அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில், 'மதிப்புறு பேராசிரியர்'.

கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகியும் அந்தப் பட்டத்தை மட்டும் விடவில்லை மனிதர். பட்டத்தோடு கல்லூரியிலேயே ஓர் அறை. அறையோடு ஒட்டினாற்போல ஒரு பாத்ரூம். எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. அது அவர் சட்டைப் பையில்.

"ஊழியர் சங்கத்துலேர்ந்து வந்திருக்கேன் சார். இந்த ரூம் விஷயமா..."

"யாரா இருந்தா எனக்கென்ன? மத்தியான வேளையில இந்தப் பக்கமே வரக் கூடாது. போ, போ!"

வந்தவர் ஆய்வுக்கூட உதவியாளர். சங்கத்தின் செயலாளர். ஊரே அவரை 'மைக்செட்' என்றுதான் கூப்பிடும். முப்பது வருடம் கோஷம் போட்ட தொண்டை. போ என்றால் போய்விடுகிற தொண்டையா அது?

சங்கம் கூடுவது மரத்தடி சைக்கிள் ஸ்டாண்டில். மழை வந்தால் தீர்மானமும் நனையும், தோழர்களும் நனைவார்கள்.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்னு நினைப்பு அந்தாளுக்கு" என்றார் கிளார்க்.

"படுத்த யானைக்கு எதுக்கய்யா ரூமு?" என்றார் மைக்செட். "அதுவும் மத்தியானமானா உள்ள கூட இருக்கறதில்ல. கதவைச் சாத்திட்டு வெளியில உக்காந்து தர்பார் நடத்தறாரு. போறவன் வர்றவனெல்லாம் போர்டைப் படிக்கணும், கும்பிடணும். அதான் ஆசை!"

மறுநாளே போராட்டம் ஆரம்பமானது.

"ஓய்ந்தவருக்கு ஓர் அறையா? உழைப்பவருக்கு மரத்தடியா?"

சம்பள உயர்வு கேட்டால் வருடக்கணக்கில் இழுத்தடிக்கும் நிர்வாகம், ஒரு கிழவரின் பட்டத்தைக் கேட்டதும் தட்டில் வைத்து நீட்டியது. காசு செலவில்லாத கோரிக்கை ஆயிற்றே! 'மதிப்புறு' பட்டம் ரத்து. அறை சங்கத்துக்கு.

போர்டைக் கழற்றும்போது வேடிக்கை பார்க்கப் பெரிய கூட்டம். துப்புரவு காண்டிராக்டரின் சூப்பர்வைசர்கூட முன்வரிசையில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பெரியவர் சாவியை நீட்டினார். நீட்டிய கையை உடனே விடவில்லை.

"பட்டத்தை எடுத்துக்குங்க. ரூமையும் எடுத்துக்குங்க. மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் சாவியை என்கிட்டக் குடுங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எதுக்கு சார்? திரும்பவும் நாற்காலியைப் போட்டு எங்களை விரட்டவா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முன்வரிசையை ஒருமுறை பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, கைத்தடியை ஊன்றியபடி படியிறங்கினார்.

"பார்த்தீங்களா, பட்டம் போனதும் பேச்சும் போச்சு!" என்றார் மைக்செட்.

பித்தளை போர்டு இருந்த இடத்தில் புதுப் பலகை ஏறியது. சிவப்புப் பெயிண்டில் மைக்செட்டே தன் கைப்பட எழுதினார்: 'ஊழியர் சங்கம். உறுப்பினர் அல்லாதார் உள்ளே வரக் கூடாது.'

"அந்த ரெண்டாவது வரி எதுக்கு தலைவரே?"

"இல்லாட்டி கண்டவனும் வந்து காலை நீட்டுவான். போராடி வாங்கின இடம்ப்பா இது!"

அன்று மத்தியானம் உள்ளே கேரம் போர்டைச் சுற்றி ஒரே கும்மாளம். யாரோ கதவைத் தட்டினார்கள். மைக்செட் திறந்தார்.

பெருக்கும் பெண்கள் மூன்று பேர் நின்றார்கள். காண்டிராக்ட் ஆட்கள். அவர்களைச் சேர்த்தால் நம் கோரிக்கை நீர்த்துப்போகும் என்று சங்கத்தில் தீர்மானம் படித்தவரே மைக்செட்தான்.

"பெரியவர் இல்லீங்களா?"

"அவரு இனிமே வரமாட்டாரு. என்ன வேணும்?"

மூத்தவள் மற்ற இருவரையும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பாத்ரூம் போகணும்ண்ணே."

"அதுக்கு இங்க எதுக்கும்மா? உங்களுக்குன்னுதான்..."

பாதியிலேயே நின்றுவிட்டார். அவர்களுக்கென்று எங்கே இருக்கிறது? முப்பது வருடமாக அதே கல்லூரியில் இருக்கிறார். ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

"எங்களுக்குன்னு ஏதுண்ணே? விடியறப்ப வந்தா வீட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்கிட்டுத்தான் கெடந்தோம். நீங்கல்லாம் போற எடத்துல எங்களைப் பார்த்தா சூப்பர்வைசரு வேலையை விட்டே நிறுத்திடுவாரு. பெரியவர்தான் இந்தக் கதவைத் திறந்துவிட்டாரு. நாங்க போயிட்டு வர்ற வரைக்கும் வெளியில நாற்காலியைப் போட்டு உக்காந்துக்குவாரு. ஒரு ஆளைக் கிட்ட அண்ட விடமாட்டாரு."

"இதை அவர் என்கிட்ட ஒரு வார்த்தை..."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, எங்க பொழைப்பு போயிடும்னு நாங்கதான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டோம். பட்டம் இருந்தாத்தான் ரூமு, ரூமு இருந்தாத்தான் நீங்க, அதான் வெக்கத்தை விட்டு வருஷா வருஷம் கேட்டு வாங்கறேன்னு சொல்லிச் சிரிப்பாரு."

"யாரு தலைவரே அது?" உள்ளிருந்து குரல் வந்தது. "கதவைச் சாத்துங்க, கேரம் பவுடரெல்லாம் பறக்குது!"

மைக்செட் திரும்பவில்லை. கதவை முழுசாகத் திறந்துவிடவும் இல்லை, சாத்தவும் இல்லை.

மூவரில் இளையவள் அண்ணாந்து, ஈரம் காயாத சிவப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்துவிட்டு அவரைப் பார்த்துக் கேட்டாள்:

"அல்லாதார்னா நாங்கதானேண்ணே?"