பட்டாளக் கடையும் தங்கையன் கடையும்

“என்ன விமலகுமாரி, பட்டாளக் கடைய அடைச்சுப் போட்டாவளோ?”

தராசில் சீனியைக் கொட்டிக்கொண்டே தங்கையன் கேட்டார். மெதுவாக அல்ல, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி.

விமலகுமாரி பையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் கணவர் ஹவில்தார் ராபின்சன் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

“உனக்க மாப்பிள இருந்தப்போ இந்தப் படி ஏறியிருப்பியா? சோப்பும் அங்க, டீத்தூளும் அங்க, பல்லு தேய்க்குத பிரஷும் அங்க. எனக்க கடைய என்னண்ணு நினைச்சான் அவன்?”

பாறசாலை ஸ்டேஷன் ரோட்டில் முப்பது வருஷமாக மளிகைக் கடை வைத்திருப்பவர் தங்கையன். ராபின்சன்மேல் அவருக்குள்ள கோபத்துக்குப் பதினோரு வயது.

அந்தக் கோபம் தொடங்கிய அன்று ஓணத்துக்கு முந்தின நாள். கடையில் கால் வைக்க இடமில்லை. ராபின்சன் திருவனந்தபுரத்தில் பட்டாளத்தாருக்கு மட்டும் குறைந்த விலைக்குச் சாமான் விற்கும் மிலிட்டரி கேன்டீனுக்குப் போய்விட்டு, இரண்டு பை நிறையச் சாமானோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். யாரோ சும்மா விலை கேட்டார்கள். மனுஷன் கடை வாசலிலேயே கேன்டீன் பில்லை விரித்து, சோப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று பரேடில் கத்துவது போல வாசித்தார். எடுத்த சாமானைத் திருப்பி வைத்துவிட்டு மூன்று பேர் இறங்கிப் போனார்கள்.

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. தங்கையனின் ஏச்சு மட்டும் நிற்கவில்லை. ஆள் செத்த பிறகும் நிற்கவில்லை.

“பெரிய சரித்திரமெல்லாம் சொல்லுவான்!” தங்கையன் ராபின்சனைப் போலவே நெஞ்சை நிமிர்த்திக் குரலைக் கனமாக்கினார். “‘வெள்ளைக்காரன் காலத்துல கான்ட்ராக்ட்காரன் பட்டாளத்துக்குச் சாமான் வித்துக் கொள்ளையடிச்சான், கேட்டியளா! அதுக்காக்கும் சர்க்காரே கேன்டீன் தொடங்கிச்சு. பட்டாளத்தான் பனியில கிடந்தாலும் அவனுக்க வீட்டுல சோப்பு தீரப்பிடாது!’ எவன் கேட்டான் இவன்ட்ட? ரெண்டு சோப்பு வாங்கீற்று, யுத்தம் ஜெயிச்ச மாதிரியில்லா நடந்து வருவான்!”

அப்படியே கையை வீசி, கடைக்குள்ளேயே நாலு அடி நடந்தும் காட்டினார்.

அவர் சொல்லித் தீரும்வரை விமலகுமாரி தலை குனிந்து நின்றாள். பிறகு காசைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வெற்றிலை வாங்க வந்த ஆட்டோக்காரன் பிரதீஷுக்குப் பொறுக்கவில்லை.

“நீரெல்லாம் மனுசனா மாமா? செத்த ஆளப் போட்டு இப்படி ஏசுதீரே!”

“பொய்யா சொன்னேன்? ஆளும் போச்சு, கேன்டீன் கார்டும் போச்சு. இப்போ எனக்க கடைதான் கதி. தெய்வம் உண்டும்லே மக்கா.”

“கார்டு எங்க போச்சு? பட்டாளத்தான் செத்தா பெஞ்சாதிக்கு கார்டு உண்டு. அக்காக்க பேருல புதுக் கார்டு வந்து அஞ்சு மாசமாச்சு. எனக்க ஆட்டோவுலதான் போய் வாங்கினாவ. அங்க வெலக் குறைவுக்குக் கிட்டுத சாமான, உமக்க ஏச்சும் கேட்டு இஞ்ச வந்து எதுக்கு வாங்குதாவளோ!”

தங்கையனுக்கு அதன்பிறகு வேலை ஓடவில்லை. எதிரே சூப்பர் மார்க்கெட் வந்ததிலிருந்து அவர் கடையில் பாதித் தட்டு காலி. அதைப் பார்த்து இரக்கப்பட்டா வருகிறாள்? ராபின்சன் பெண்டாட்டியின் இரக்கத்திலா நான் கடை நடத்துகிறேன்? செத்தும் அவனே ஜெயித்துவிட்டது போல இருந்தது.

அடுத்த வாரம் விமலகுமாரி வந்தாள்.

“அரைக் கிலோ பயறு, அண்ணா.”

தங்கையன் எடை போட்டார். பொட்டலம் கட்டினார். வாயைத் திறக்கவில்லை.

அவள் போகவில்லை.

“ஒரு தீப்பெட்டி.”

கொடுத்தார்.

“கொஞ்சம் கடுகு.”

அதையும் கொடுத்தார். பிறகும் அவள் நின்றாள்.

“அண்ணாவுக்கு உடம்புக்குச் சொகமில்லியா? இண்ணைக்கு ஒண்ணும் பேசல்லியே?”

“எனக்கு ஒரு கேடும் இல்ல. உனக்கு கார்டு உண்டுண்ணு பிரதீஷ் சொன்னான். நாளையிலேருந்து அங்கயே போ. உனக்க தர்மத்துல எனக்க அடுப்பு எரிய வேண்டாம்.”

விமலகுமாரியின் முகம் வெளுத்துவிட்டது.

“அய்யோ, தர்மமா? அப்படிச் சொல்லாதீங்க அண்ணா. புதுக் கார்டு கொண்டு நான் ஒருக்கா அங்க போனேன். முன்னே பில்லுல அவருக்க பேரு அடிச்சு வரும். இப்போ எனக்க பேரு வந்துது. அதக் கண்ட பொறவு அங்க போக கால் வரல்ல.”

“அதுக்கு இஞ்ச எதுக்கு வாற? ஏச்சு கேக்கவா?”

அவள் பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றினாள்.

“மோன் ஜிஜோ துபாயிலேருந்து போன்ல விளிப்பான். அப்பா பேச்சு வந்தா நான் அழுவேன்ணு பேச்ச மாத்திருவான். சர்ச்சு சபையிலயும் எனக்க முன்ன யாரும் அவருக்க பேரு சொல்ல மாட்டாவ. எல்லாருக்கும் நல்ல எண்ணந்தான். நீங்க ஒரு ஆளுதான் அண்ணா, இப்பவும் அவருக்க பேரச் சொல்லி, அவரு நடந்த மாதிரி நடந்து, பேசின மாதிரி பேசிக் காட்டுதிய.”

தங்கையன் வெகுநேரம் தராசுத் தட்டையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளேயிருந்த ஸ்டூலை எடுத்து வந்து அவள் முன்னால் போட்டார்.

“இரி.”

நெஞ்சை நிமிர்த்திக் குரலைக் கனமாக்கினார்.

“அந்த ராபின்சன் இருக்கானே, அவனப் போல ஒரு தலக்கனம் பிடிச்ச பயல நான் கண்டதில்ல...”

விமலகுமாரி பையை மடியில் வைத்துக்கொண்டு, கேட்க வசதியாக உட்கார்ந்தாள்.