நடுமூட்டில் ஒரு தொட்டில்

குடையைப் போல மடிந்து விரியும் கூடாரத்தை வடிவமைத்தவள் இன்பவல்லி. எடை பத்தொன்பது கிலோதான். இரண்டு பேர் சேர்ந்தால் நான்கே நிமிடத்தில் விரித்துவிடலாம். வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காகப் பள்ளி மைதானத்தில் முப்பது கூடாரங்களை விரித்துக் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஏழாவதில் பதறிப்போனாள். கம்பிகள் எல்லாம் வந்து கூடும் நடுமூட்டில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டிருந்தாள் அங்கே குடிவந்த செல்லக்கிளி. உள்ளே குழந்தை.

“அவுத்துடுங்கக்கா! இது பாரம் தாங்காது!”

“சத்தம் போடாதீங்க மேடம். காய்ச்சல்ல ரெண்டு நாளா கண்ணே மூடல, இப்பத்தான் தூங்குது. வீடுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க? தொட்டில் கட்டக்கூடாதுன்னா அது என்ன வீடு?”

கூரைக்குக் கணக்குப் போட்டவள், அதில் ஒரு பிள்ளை தொங்கும் என்று கணக்குப் போடவில்லை. வேறு வழியின்றி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, நடுமூட்டை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று சுழற்றியடித்தது. எதிரே காலியாக இருந்த கூடாரத்தின் கூரை மேலே எழும்ப, நடுமூட்டும் கூடவே உயர்ந்து, மொத்தமும் குடை மடங்குவதுபோல மடங்கிச் சரிந்தது. இன்பவல்லியின் கைக்குள் இருந்த மூட்டும் ஒரு விரற்கடை மேலேறப் பார்த்தது. தொட்டிலின் பாரம் விடவில்லை. கம்பிகள் இறுகின.

காற்று அடங்கியது. ஒவ்வொரு விரலாக எடுத்தாள். கூரை அசையவில்லை. கீழே இறங்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

குழந்தை சிணுங்கியது.

“ஆட்டலாமா மேடம்?”

“ஆட்டுங்க” என்று சொல்லிவிட்டு, வாளியைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டாள் இன்பவல்லி.