கட்சிக்காரன்

அகதிகள் விடுதிக்கு டோர்ஸ்டன் வைத்த தீயில் ஒரு பெண் கருகிச் செத்தாள். அவனுக்காக வாதாடத் தானாகவே முன்வந்தார் வக்கீல் எக்கார்ட். வெளிநாட்டாரை விரட்டச் சொல்லி ஜெர்மனியெங்கும் மேடையேறுகிறவர்.

சிறையில் டோர்ஸ்டன், "நீங்க கூட்டத்துல சொன்னதைத்தானே சார் செஞ்சேன்?" என்றான்.

"அதை மட்டும் கோர்ட்டுல சொல்லிடாதே. தண்டனை கூடிடும்."

அவன் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஆயுள் தண்டனை விழுந்தது. எக்கார்ட்டுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வெளியே டோர்ஸ்டனின் தாய் அழுதபடி அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"நீங்களாவது வந்தீங்களே ஐயா. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு மகன். சட்டம் படிக்கிறான்."

"அவனும் கூட்டத்துக்கு வருவானா?"

"சேச்சே, அவனை அங்கெல்லாம் நான் விடுறதில்லை" என்று வாய்தவறி வந்துவிட்டது.

அவள் அழுகை நின்றது. பிடித்த கையை மட்டும் விடவில்லை.